உமி விட்டுப் போன இடம்: களிமண்ணில் சூடு தடுக்கும் கல் எப்படி உருவாகிறது?

திருகோணமலையில் என் மாமாவுக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. இன்றைக்கும் விறகுப் போறணைதான். விடியப்புறம் மூன்று மணிக்கு அங்கே போனால் பாண் வாசம் வருவதற்கு முன்பே வெக்கை முகத்தில் அடிக்கும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் அந்த அறைக்குள் நிற்கவே முடியாது. ஒருநாள் மாமா என் கையைப் பிடித்துப் போறணையின் வெளிச்சுவரில் வைத்தார். இரண்டு விநாடிகூட வைத்திருக்க முடியாமல் இழுத்துக்கொண்டேன்.

"பாத்தியா மருமகன், விறகுக்குக் குடுக்கிற காசு இந்தச் சுவருக்குள்ளால வெளியில போகுது" என்றார்.

அதே கிழமை ஒரு வேலையாகத் தம்பலகாமம் போனேன். அங்கே ஓர் அரிசி ஆலையின் பின்பக்கம் உமி கும்பம் கும்பமாய்க் கிடந்தது. ஓர் ஓரத்தில் யாரோ நெருப்பு வைத்திருக்க, அது சுவாலை இல்லாமல் நாட்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது. இங்கே சூட்டைப் பிடித்து வைக்க முடியாத ஒரு சுவர், அங்கே எவருக்கும் வேண்டாத உமி, இரண்டுக்கும் நடுவில் வயற்கரைக் களிமண். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, இதைப்பற்றி முன்பின் கேள்விப்பட்டிராதவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன்.

செய்கிற பொருள் நுண்துளைச் சுடுமண் கல். களிமண்ணோடு உமி, மரத்தூள் போன்ற தாவரக் கழிவைக் கலந்து, கல்லாக அறுத்து, காயவைத்துச் சுடுகிறோம். சூளையில் தாவரப் பகுதி எரிந்து போய்விடும். அது இருந்த இடமெல்லாம் காற்று நிரம்பிய சிறு துளைகளாக மிஞ்சும். சூட்டைத் தடுப்பது அந்தத் துளைகள். களிமண்ணின் வேலை, அந்தத் துளைகள் குலையாமல் நெருப்பில் பிடித்து வைத்திருப்பது.

காற்று எப்படிச் சுவராகும்?

கடற்கரையில் மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். வெறும் பெட்டி என்றால் சின்னப் பிள்ளையும் தூக்கும். அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காற்று. பிளாஸ்டிக் என்பது அந்தக் காற்றைச் சிறைப்பிடிக்கிற தோல் மட்டுமே. ரெஜிபோம் வருவதற்கு முந்தைய காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள்ளோ உமிக்குள்ளோ புதைத்து வைத்தார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெட்டியிலும் சரி, மரத்தூளிலும் சரி, வேலை பார்ப்பது அசையாமல் அடைபட்ட காற்றுத்தான். ஆனால் இவை இரண்டும் போறணைக்கு உதவாது. ரெஜிபோம் நூறு பாகை செல்சியஸ் அளவிலேயே குழைந்துவிடும், மரத்தூள் எரிந்துவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு ரெஜிபோம் வேண்டுமென்றால் அதைக் களிமண்ணில்தான் செய்யவேண்டும்.

ஒரு பொருள் சூட்டை எவ்வளவு இலகுவாக விடுகிறது என்பதை அளக்க ஓர் எண் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வெப்பக் கடத்தாறு என்று படித்தோமே, அதுதான். ஒரு மீற்றர் தடிப்பு, ஒரு சதுர மீற்றர் பரப்பு, இரண்டு பக்கத்துக்கும் ஒரு பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஊடாக எத்தனை வாற்று சூடு போகிறது என்பதே அந்த எண். செம்புக்கு அது ஏறத்தாழ 400. உருக்குக்கு 50 அளவில். கருங்கல்லுக்கு 2 முதல் 3. நாம் வீடு கட்டுகிற சுட்ட செங்கல்லுக்கு 0.6 முதல் 1 வரை. தண்ணீருக்கு 0.6. அசையாத காற்றுக்கு வெறும் 0.026. செங்கல்லைவிடக் காற்று இருபத்தைந்து, முப்பது மடங்கு மந்தமாகத்தான் சூட்டை விடுகிறது.

அப்படியானால் இரண்டு சுவர் கட்டி நடுவில் வெறும் இடைவெளி விட்டால் போதாதா என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. போதாது. இடைவெளி அகலமாக இருந்தால் சூடான காற்று மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும். இப்படியே சுற்றிச் சுற்றி ஓடி, உட்சுவரின் சூட்டை வெளிச்சுவருக்குச் சுமந்து கொடுத்துவிடும். அரிசி மணியளவு அறைக்குள் அடைத்துவிட்டால் காற்றுக்கு ஓட இடமில்லை.

சூட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. கங்குக்குத் தள்ளி நின்றாலும் முகம் காய்கிறதே, அந்தக் கதிர்வீச்சு. அதற்குக் காற்றுத் தடையில்லை. துளையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அது பாய்ந்துவிடும். துளை பெரிதாக இருந்தால் பாய்ச்சலும் பெரிது. சூடு ஏற ஏற இந்தப் பாய்ச்சல் மிக வேகமாகக் கூடும். ஆகவே பெரிய துளை சிலதைவிடச் சின்னத் துளை பலது நல்லது. முக்கியமாகச் சூளை, உலை போன்ற கடும் சூட்டு இடங்களில் இதை மறக்கக்கூடாது.

மாமாவின் சுவருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவர் 23 சென்றிமீற்றர் தடிப்பு. அதாவது ஒன்பது அங்குலம். உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் 200 பாகை வித்தியாசம் என்று வைப்போம். சாதாரணச் செங்கல்லுக்கு 0.7 என்று எடுத்தால், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 600 வாற்று வெளியே போகிறது. 0.25 அளவிலான நுண்துளைக் கல் என்றால் 220 வாற்று அளவில். கூரையும் பக்கங்களுமாகப் பத்துச் சதுர மீற்றர் இருந்தால், செங்கல் போறணை ஒரு மணித்தியாலத்தில் இழக்கிற சூடு, காய்ந்த விறகு ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டச் சமன். அது சுவரால் மட்டும் போவது. வாயாலும் புகைக்கூட்டாலும் போவது வேறு கணக்கு.

மண்ணைத் தெரிந்துகொள்ளுதல்

மகாவலி நாட்டின் மிக நீளமான ஆறு. 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மலைநாட்டில் அரிபட்ட மண்ணின் நுண்ணிய பகுதி இந்தப் பக்கத்து வெள்ளச் சமவெளிகளில் காலகாலமாகப் படிந்து கிடக்கிறது. செங்கல்லுக்கும் சட்டி பானைக்கும் உதவுகிற களி இப்படி வந்ததுதான். அதில் இரும்பு இருப்பதால் சுட்டதும் சிவக்கும். அந்த இரும்பும் வேறு சில காரப் பொருட்களும் உருக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும். அதனால் எங்கள் செம்மண் களி 1000 பாகைக்கு அங்காலே போனால் குழைய ஆரம்பிக்கும். உருக்கு உருக்குகிற உலைக்கு இந்தக் கல் சரிவராது. பாண் போறணைக்கும் வீட்டு அடுப்புக்கும் தாராளமாகப் போதும்.

களி நல்லதா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். ஈரக் களியைப் பென்சில் தடிப்புக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் பசை போதும். உடனே பிளந்தால் மணல் கூட. அப்படியான மண்ணில் உமியைக் கலந்தால் கல் கையிலேயே உதிரும். ஏனென்றால் உமி தன்பங்குக்கு எதையும் ஒட்டாது. முழுப் பிடிமானத்தையும் களிதான் தரவேண்டும்.

கடலுக்குக் கிட்ட எடுக்கிற மண்ணில் இரண்டு தொல்லை. ஒன்று உப்பு. சுட்ட கல்லின் மேல் வெள்ளையாய்ப் பூத்து, நாளடைவில் தோலை உரித்துவிடும். மற்றது சிப்பித் துண்டு. இது இன்னும் பொல்லாதது. சிப்பி சுண்ணாம்புக்கல்லின் வகை; சூளைக்குள் சுட்ட சுண்ணாம்பாக மாறும். கல்லை வெளியே எடுத்தபின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதும். ஒரு கிழமை கழித்து, நன்றாக இருந்த கல்லின் முகத்தில் காசளவு சில்லு தெறித்துப் போயிருக்கும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். என் முதல் தொகுதியில் இது நடந்தபோது சூளையைத்தான் குறைசொன்னேன். குற்றம் மண்ணில் இருந்தது. களியை நன்றாகக் காயவைத்து, இடித்து, தண்ணீரில் ஊறவிட்டுக் கரைத்து, நுளம்பு வலையால் வடித்தால் சிப்பியும் கல்லும் நின்றுவிடும். உப்பும் கொஞ்சம் தண்ணீரோடு போகும்.

வீட்டுச் சோதனைக்கு இரண்டு வாளி மண் போதும். விற்பனைக்கென்று மண் அள்ளுவதானால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும்.

உமியும் மற்றதும்

நூறு கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அந்த இருபது கிலோவை முழுதாக எரித்தால் நான்கு கிலோ அளவில் சாம்பல். வேறெந்தப் பயிரின் கழிவும் இத்தனை சாம்பல் தருவது அரிது. அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியின் தோலில் கொண்டுபோய் வைக்கிறது. மாட்டுக்கு உமி செரிக்காததும், மண்ணில் போட்டால் மெதுவாக உக்குவதும், வெறுங்கையால் அள்ளினால் அராவுவதும் இதனால்தான்.

களிக்கல்லில் இதற்கு ஒரு விளைவு உண்டு. மரத்தூள் எரிந்தால் சாம்பல் நூற்றில் ஒரு பங்குகூட வராது; துளை சுத்தமாக வெறுமையாகும். உமி எரிந்த துளையை உடைத்துப் பார்த்தால், உமியின் உருவம் குலையாத வெள்ளைச் சிலிக்காக் கூடு உள்ளே இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உமியின் வரிகள்கூடத் தெரியும். முதல்முறை பார்த்தபோது அந்தக் கல்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை. நெருப்பு உயிர்ப்பகுதி முழுவதையும் கொண்டுபோன பின்னும் வயல் தந்த எலும்பு அப்படியே இருந்தது.

உமியை அப்படியே போடலாமா? போடலாம். ஆனால் முழு உமி படகு வடிவம். அச்சில் அழுத்தும்போது எல்லாம் ஒரே பக்கமாய்ப் படுக்கும். கல் அந்தத் திசையில் அடுக்கடுக்காய்ப் பிளக்கப் பார்க்கும். இடித்தோ அரைத்தோ சலித்துப் போட்டால் துளை சிறுத்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உறுதி வரும். நுளம்பு வலைக்குள்ளால் விழுகிற அளவு நல்ல அளவு.

மர ஆலையில் கிடைக்கிற மரத்தூள் தொடங்குகிறவருக்கு மிக இலகுவானது. நானும் அதில்தான் பழகினேன். தும்புத்தூள் நிறையத் தண்ணீர் குடிக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு. அதோடு அதில் உப்பும் பொற்றாசியமும் உண்டு. பொற்றாசியம் களியைச் சீக்கிரம் உருக்குகிற பொருள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து காயவைத்தால் பாவிக்கலாம். சிரட்டையும் ஊமலும் கரியாக்கி அடுப்பு எரிக்கத்தான் நல்லது; அவற்றைத் தூளாக்குகிற பாட்டுக்கு மரத்தூள் எவ்வளவோ மேல்.

அளவும் பிசைதலும்

இங்கே புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "பாதிக்குப் பாதி" என்றால் எடையிலா, அளவிலா? பத்து லீற்றர் வாளி நிறைய உமி ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். அதே வாளி நிறையக் காய்ந்த களித்தூள் பத்துக் கிலோவுக்கு மேல். எடையில் பாதிக்குப் பாதி போட்டால் ஒரு வாளிக் களிக்குப் பத்து வாளி உமி. அது கல்லே ஆகாது. வாளிக்கணக்கில் போடுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்தமுறை உமியை வேறு மாதிரி அரைத்தால் வாளிக்கணக்கு மாறிவிடும், எடை மாறாது.

முதல் தடவை மூன்று கலவை செய்யுங்கள்: நான்கு பங்கு களிக்கு ஒரு பங்கு தூள், இரண்டுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. எது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும் என்று அந்த மூன்றும் சொல்லும். வேறொருவருடைய மண்ணுக்குச் சரிவந்த அளவு உங்கள் மண்ணுக்குச் சரிவரும் என்று நம்ப வேண்டாம்.

தூளை முதலில் தண்ணீரில் நனைத்து ஓர் இரவு வையுங்கள். உலர்ந்த தூளைக் களியில் போட்டால் அது களியின் ஈரத்தை இழுத்து ஊதி, உருட்டிய கல்லுக்குள்ளேயே வெடிப்பு உண்டாக்கும். பிறகு காலால் மிதித்துப் பிசையுங்கள். ஒரு கட்டியை நூலால் அறுத்துப் பார்த்தால் தூள் எங்கும் ஒரே மாதிரிப் பரவியிருக்க வேண்டும்.

காயவைப்பது நிழலில். கச்சான் வீசும்போது வெளியே வைத்தால் மேல்தோல் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். சுருங்கிய தோல் சுருங்காத வயிற்றை இறுக்கினால் பிளவுதான். முதல் இரண்டு நாள் ஈரச்சாக்கால் மூடி, பிறகு மெல்ல மெல்லத் திறந்து, ஒன்றிரண்டு கிழமை விடவேண்டும். மாரியில் செய்யப் போகாதீர்கள். வாடைக்காற்றும் மழையுமாய் இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில் கல் காயவே காயாது; தூளில் பூஞ்சணம் பிடிக்கும்.

சூளைக்குள் என்ன நடக்கிறது

என் மனம் மிகவும் ஒட்டியது இந்தப் பகுதியில்தான். வெளியே நின்று பார்ப்பவருக்குப் புகையும் நெருப்பும்தான் தெரியும். உள்ளே ஒவ்வொரு நூறு பாகைக்கும் வேறு வேறு வேலை நடக்கிறது.

நூறு பாகையில் மிச்சமிருந்த தண்ணீர் ஆவியாகும். வேகமாகச் சூடேற்றினால் ஆவிக்கு வெளியேற நேரமில்லாமல் கல் சத்தத்தோடு வெடிக்கும். அரை நாளாவது சிறு நெருப்பில் வைத்திருக்க வேண்டும்.

இருநூறைத் தாண்டியதும் உமியும் மரத்தூளும் சிதையத் தொடங்கும். முதலில் போவது தாவரச் சுவரின் மெல்லிய பகுதி. பின் 300 தாண்டி 400க்குள் செலுலோசு. லிக்னின் என்கிற கடினப் பகுதி கடைசிவரை இழுபடும். இந்த நேரத்தில் சூளை தடித்த, கண் எரிக்கிற புகை விடும். வீட்டுக்குக் கிட்ட வைத்துச் செய்யக் கூடாது. காற்றுப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். எரியக்கூடிய வாயு போனபின் துளைக்குள் கரி மிஞ்சும். அந்தக் கரி எரிந்து தீர ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் வெளியிலிருந்து நுண்துளைகள் வழியே உள்ளே ஊர்ந்து போகவேண்டும். அதற்கு நேரம் எடுக்கும்.

அந்த நேரத்தைக் கொடுக்காமல் நெருப்பைக் கூட்டினால் என்ன ஆகும்? என் இரண்டாவது தொகுதியை உடைத்துப் பார்த்தபோது வெளியே அழகான சிவப்பு; நடுவில் கறுப்பு. வெளிப்பக்கம் இறுகி வழியை அடைத்துவிட, கரி உள்ளே அகப்பட்டுக்கொண்டது. அந்தக் கறுப்பு கரியால் மட்டும் வந்ததல்ல. கரி தனக்கு வேண்டிய ஒட்சிசனை இரும்பு ஒட்சைட்டிலிருந்து பிடுங்கும். ஒட்சிசன் இழந்த இரும்பு கறுப்பாகி, களியைச் சீக்கிரமாக உருக்கவும் செய்யும். கறுத்த நெஞ்சோடுள்ள கல் உள்ளே ஊதி வளையும். ஆகவே 200க்கும் 500க்கும் நடுவில் மணித்தியாலத்துக்கு 50 பாகைக்கு மேல் ஏற்றாமல், சூளை வாயில் காற்றுக்கு வழிவிட்டு, ஆறு மணித்தியாலம் பொறுமையாக இருப்பது நல்லது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் அகல இடைவெளி வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கல் தன் விறகைத் தானே சுமந்து வருகிறது. ஒரு கிலோ உமியில் 13 முதல் 15 மெகாயூல் வரை சூடு இருக்கிறது. அது கல்லின் வயிற்றுக்குள்ளேயே எரிவதால் வெளி விறகு குறைவாகத் தேவைப்படும். அதே காரணத்தால் சூளை திடீரென்று உங்கள் கையைவிட்டு ஓடவும் கூடும். புகை கனக்கும்போது விறகு போடுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சூடு தானாக ஏறும்.

450க்கும் 600க்கும் இடையில் களி களியாக இருப்பதை விடுகிறது. களியின் படிகத்துக்குள் கட்டுண்ட ஒருவகை நீர் உண்டு. அது கையால் தொட்டு அறிகிற ஈரமல்ல, கட்டமைப்பின் பகுதி. தூய வெண்களியின் எடையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அது. அது வெளியேறியபின் எத்தனை நாள் தண்ணீரில் ஊறவைத்தாலும் கல் மறுபடி குழையாது. 573 பாகையில் மணலிலுள்ள குவார்ட்சு சட்டென்று ஊதும். ஆறும்போது அதே புள்ளியில் சட்டென்று சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் நல்ல கல்லும் கீறல் விடும்.

எழுநூறில் உள்ளே மங்கிய சிவப்புத் தெரியும். இரவில் சுட்டால் நிறம் பார்க்க இலகு. 900, 950 பாகைக்கு வரும்போது நிறம் செம்மஞ்சளை நெருங்கும். அப்போது களித் துணிக்கைகளின் ஓரங்களில் கண்ணாடி போன்ற ஒரு துளி உருக்கம் உண்டாகி ஒன்றையொன்று ஒட்டும். உறுதி வருவது இங்கேதான். இரண்டு மணித்தியாலம் இந்தச் சூட்டில் நிறுத்தி, பிறகு வாயை அடைத்து ஒரு முழு நாள் ஆறவிட வேண்டும். இன்னும் ஏற்றினால் உறுதி கூடும். ஆனால் உருக்கம் சிறு துளைகளை விழுங்கத் தொடங்கும். நாம் இத்தனை பாடுபட்டு உண்டாக்கிய காற்று அறைகள் ஒவ்வொன்றாய் மூடும்.

நல்ல கல்லா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு தராசும் அடிமட்டமும் போதும். உதாரணமாக 22 சென்றிமீற்றர் நீளம், 11 அகலம், 7 உயரம் உள்ள கல். பருமன் ஏறத்தாழ 1700 கன சென்றிமீற்றர். எடை 1.7 கிலோ என்றால் அடர்த்தி 1, அதாவது ஒரு கன சென்றிமீற்றருக்கு ஒரு கிராம். துளையே இல்லாத சுட்ட களியின் அடர்த்தி 2.6 அளவில். ஒன்றை 2.6ஆல் வகுத்தால் 0.385. அதாவது கல்லில் நூற்றுக்கு முப்பத்தெட்டரைப் பங்குதான் திண்மம். மிச்சம் அறுபத்தொன்றரை துளை. இதே அளவுச் சாதாரணச் செங்கல் மூன்று கிலோ வரும். கணக்குப் போட்டால் அதிலும் நூற்றுக்கு முப்பது துளை இருப்பது தெரியும். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை இரட்டிப்பாக்குகிறோம்.

அதே கல்லை ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி நிறுங்கள். 1.7 கிலோ 2.6 ஆனால் 900 மில்லிலீற்றர் தண்ணீர் புகுந்திருக்கிறது. பருமனில் பாதிக்குச் சற்று மேல். மிச்சத் துளைகள் தண்ணீர் புகமுடியாத மூடிய அறைகள். தாவரத்தை எரித்துச் செய்கிற கல்லில் திறந்த துளைதான் அதிகம் இருக்கும். புகை வெளியேற வழி வேண்டுமே.

உறுதியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். துளை கூடினால் உறுதி நேர்க்கணக்கில் குறையாது, மடங்குக் கணக்கில் விழும். சுடுமண் வகைகளில் பொதுவாக, நூற்றுக்குப் பத்துப் பங்கு துளை கூடும்போதெல்லாம் இருக்கிற உறுதியில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை போய்விடும். அறுபது வீதம் துளையுள்ள கல்லை மாடிச் சுவரின் அடியில் வைக்க முடியாது. ஒரு கல் எதைத் தாங்கவேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்குப் போதுமான உறுதியை வைத்துக்கொண்டு, மிச்சமெல்லாவற்றையும் துளைக்குக் கொடுப்பதுதான் இந்த வேலையின் நுட்பம்.

எந்த இடத்தில் வைப்பது?

மாமாவின் போறணை முழுவதையும் இந்தக் கல்லால் கட்டிவிடலாம் என்று நான் நினைத்தேன். அவர் தலையாட்டவில்லை.

"உள்ளுக்க பாரமான கல்லு வேணும் மருமகன். கங்கை இழுத்துப் போட்ட பிறகு பாணை வேகவைக்கிறது அந்தக் கல்லு குடிச்சு வைச்ச சூடுதான்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பாரமான செங்கல் சூட்டைச் சேமிக்கும். இலேசான கல் சூட்டைத் தடுக்கும். சேமிப்பது உள்ளேயும் தடுப்பது வெளியேயும் இருக்கவேண்டும். பாண் போறணைக்கு உள்தோல் பழைய செங்கல், அதைச் சுற்றி நுண்துளைக் கல், அதன்மேல் மழையும் கையும் படாமல் ஒரு பூச்சு. மட்பாண்டம் சுடுகிற சூளைக்கு நிலைமை தலைகீழ். அங்கே சுவர் குடிக்கிற சூடெல்லாம் நட்டம். நுண்துளைக் கல் உள்முகத்திலேயே இருந்தால் சீக்கிரம் சூடேறும், விறகு மிச்சம்.

வீட்டு அடுப்பிலும் இடம் உண்டு. இலங்கையில் 1980களிலிருந்து பரவிய, இரண்டு பானை வைக்கிற அனகி அடுப்பைப் பலர் பாவித்திருப்பார்கள். அப்படியான மண் அடுப்பைச் சுற்றி இந்தக் கல்லால் ஓர் உறை கட்டினால் நெருப்பின் சூடு பக்கத்துக்குச் சிதறாமல் பானைக்குப் போகும். நெருப்பறை சூடாக இருந்தால் புகை தானும் எரிந்து தீரும். குசினிச் சுவர் கறுப்பது குறையும். அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி 1980களில் வடிவமைத்த ராக்கெட் அடுப்பின் அடிப்படையும் நெருப்பறையைச் சுற்றி இலேசான தடுப்பு வைப்பதுதான். பிற்காலத்தில் அதற்கென்றே மரத்தூளும் களியும் கலந்த கல் செய்தார்கள்.

தண்ணீர் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். துளையில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால், 0.026 இருந்த இடத்துக்கு 0.6 வருகிறது, இருபது மடங்குக்கு மேல் சூடு ஓடும். நனைந்த கல்லைச் சட்டென்று சூடேற்றினால் மறுபடியும் ஆவி வெடிப்பு. வெளிப்போறணை என்றால் மேலே ஒரு தகரக் கூரை கட்டாயம்.

தண்ணீர் உள்ளே புகும் என்ற அதே குணத்தையே பயனாக்கினவரும் உண்டு. குவாத்தமாலா நாட்டின் பெர்னாண்டோ மசாரியேகோஸ் 1981இல் களியும் மரத்தூளும் கலந்து சுட்ட பானையால் குடிநீர் வடிகட்டி செய்தார். தூள் எரிந்த துளைகளால் தண்ணீர் மெதுவாய்க் கசியும். அழுக்கும் கிருமியில் பெரும்பகுதியும் நின்றுவிடும். எங்கள் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் துளையால்தான். நீர் துளைவழியே வெளிமுகத்துக்கு வந்து ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது.

கல்லை அறுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உமியின் சிலிக்கா கடும் சூட்டில் படிகமாக மாறும். அந்தத் தூசியை நாள்தோறும் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். போனது திரும்பி வராது. அறுப்பதும் அராவுவதும் கல்லை நனைத்து வைத்துத்தான். நல்ல முகக்கவசமும் போடவேண்டும். உமிச்சாம்பலை அள்ளும்போதும் இப்படித்தான்.

மாமாவின் போறணையில் இப்போது பின்சுவரில் மட்டும், இரண்டு முழ அகலத்துக்கு, ஒரு வரிசை நுண்துளைக் கல் வைத்திருக்கிறோம். களி இரண்டு பங்கு, மரத்தூள் ஒரு பங்கு என்ற கலவை. அந்த இடத்தில் கையை வைத்தால் வைத்தபடியே பேசிக்கொண்டு நிற்கலாம். அரை முழம் தள்ளி வைத்தால் இழுத்துக்கொள்ள வேண்டும். விடியப்புறம் பாண் எடுக்க வருகிற ஆட்களை மாமா ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு இரண்டு இடத்திலும் கை வைக்கச் சொல்கிறார். மற்ற மூன்று பக்கத்துக்கும் ஏறத்தாழ இருநூறு கல் வேண்டும். சிறுபோக நெல் குத்தத் தொடங்கியதும் தம்பலகாமத்தில் உமி கட்ட சாக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.